மீண்டும் துபாய்: பழைய ஊரில் புதிதாக வேலை தேடப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

துபாயில் சில வருடங்கள் வேலை பார்த்து, விசாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, இப்போது மறுபடியும் அங்கேயே போய் வேலை தேடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முறை போகிறவருக்குப் புத்தி சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். திரும்பிப் போகிறவரை மட்டும் "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று தனியாக விட்டுவிடுகிறார்கள். அவருக்குத் தெரிந்த துபாய் இப்போது இல்லை. அதே நேரம், அவர் அங்கே விட்டுவந்த கணக்குகள் மட்டும் அழியாமல் இருக்கின்றன. இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டு கிளம்பியவர்கள் வேலையோடு நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. ஊர்க்காரர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளே கீழே இருப்பவை.

ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வயது 43. இனிமேல் போனால் எடுப்பார்களா?

எடுப்பார்கள். எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. துபாயின் மக்கள்தொகை 2010-இல் சுமார் 19 லட்சம். 2024 முடியும்போது 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர் வளர்வதால் ஆள் தேவைப்படுகிறது. கட்டுமானம், கட்டடப் பராமரிப்பு, கிடங்கு, சரக்குப் போக்குவரத்து, ஓட்டல் சமையலறை, மருத்துவமனை ஆகிய துறைகளில் கையில் தொழிலும் வளைகுடா அனுபவமும் உள்ள 43 வயதுக்காரரை, ஒன்றும் தெரியாத 25 வயதுக்காரரைவிட மேலாகவே மதிக்கிறார்கள். போர்மேன், சூப்பர்வைசர், ஸ்டோர்கீப்பர், மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் போன்றவர்கள் தைரியமாக முயலலாம்.

கஷ்டப்படுவது அலுவலகத்தில் பொதுவான வேலை பார்த்தவர்கள்தான். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், திறன் சார்ந்த பணிகளில் அமீரகக் குடிமக்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 2 சதவீதம் உயர்த்த வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரப்பாமல் விட்ட ஒவ்வோர் இடத்துக்கும் 2022-இல் மாதம் 6,000 திர்ஹம் என்று தொடங்கிய தண்டத்தொகை, ஆண்டுக்கு ஆயிரம் என ஏறிக்கொண்டே வந்தது. அதனால் நிர்வாகம், மனிதவளம், வரவேற்பு போன்ற நாற்காலிகளில் பல இப்போது உள்நாட்டவருக்கே போகின்றன. அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள். நாம்தான் அதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

நான் கணக்கர். 2016-இல் திரும்பினேன். என் அனுபவம் செல்லுமா?

அப்படியே செல்லாது. நீங்கள் இருந்த காலத்தில் வரி என்ற பேச்சே இல்லை. 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்துவிட்டது. 2023 ஜூன் முதல் தொடங்கிய கணக்கு ஆண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்தின் மீது 9 சதவீத நிறுவன வரியும் உண்டு. நேர்காணலில் முதல் பத்து நிமிடத்திலேயே இதைப் பற்றித்தான் கேட்கிறோம். "நான் போனபோது இதெல்லாம் இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இந்தியாவில் ஜிஎஸ்டி கணக்குப் பார்த்திருந்தால் அது பெரிய துணை. உள்ளீட்டு வரி, வெளியீட்டு வரி என்ற தர்க்கம் ஒன்றுதான். ஊரில் இருக்கும்போதே அமீரக வரிச் சட்டத்தைப் படித்து, ஒரு மாதிரி வரிப் படிவத்தை நீங்களே நிரப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொரோனா சமயத்தில் அவசரமாக வந்துவிட்டேன். விசா முறையாக கேன்சல் ஆனதா என்றே தெரியாது. பிரச்சினை வருமா?

வரலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் இது. 2020 மே மாதம் வந்தே பாரத் மீட்பு விமானங்களில் ஏறியவர்கள் பலர், இரண்டு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து அறையில் பெட்டியைக்கூட விட்டு வந்தவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் குடியிருப்பு விசா தானாகவே செல்லாமல் போகும். ஆனால் தொழிலாளர் அமைச்சகத்தில் உங்கள் பெயரில் இருக்கும் வேலை அனுமதி வேறு கணக்கு. கம்பெனி அதை மூடாமல் விட்டிருக்கலாம். ஆள் வேலைக்கு வரவில்லை, தலைமறைவு என்று புகார் பதிந்திருக்கவும் கூடும். அப்படி ஒரு புகார் இருப்பது, நல்ல வேலை கிடைத்து, புதிய கம்பெனி விண்ணப்பம் போடும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

பழைய பாஸ்போர்ட் நகல், பழைய விசாப் பக்கம், எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டையின் எண், லேபர் கார்டு எண் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். எமிரேட்ஸ் ஐடி எண் ஆளோடு ஒட்டியது. கார்டு காலாவதியானாலும் நீங்கள் யார் என்பதை அது சொல்லிவிடும். துபாயில் இருக்கும் நம்பிக்கையான ஒருவர் மூலம், குடியேற்ற விஷயத்துக்கு அமர் சென்டரிலும், தொழிலாளர் அமைச்சக விஷயத்துக்கு தஸ்ஹீல் சென்டரிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். பெயரையோ பாஸ்போர்ட் எண்ணையோ மாற்றிக்கொண்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமான நிலையத்தில் கருவிழியைப் பதிவு செய்கிறார்கள்.

கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிறது. பல வருடம் ஆகிவிட்டது. வங்கி மறந்திருக்குமா?

மறந்திருக்காது. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கி, கடைசியாகத்தான் கேட்கிறார்கள். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முன்பு கடனுக்கும் கார்டுக்கும் வெற்றுக் காசோலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பணம் இல்லாமல் அது திரும்பினால் போலீஸ் வழக்கு. 2022 ஜனவரி 2 முதல் அந்தச் சட்டம் மாறி, கணக்கில் பணம் இல்லை என்பதற்காக மட்டும் காசோலை திரும்புவது பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. அதைக் கேட்டுவிட்டு "இனிமேல் ஒன்றும் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். குற்ற வழக்கு போனதே தவிர கடன் போகவில்லை. வங்கி உரிமையியல் நீதிமன்றத்தில் வசூலுக்குப் போகலாம். 10,000 திர்ஹமோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் பயணத் தடை கேட்கவும் அதற்கு வழியுண்டு. பயணத் தடை என்றால் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்து விமான நிலையத்துக்கு ஓடும் அன்று அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊரிலேயே இருந்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் இப்போது இல்லை. அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றங்கள் மூலமே நிறைவேற்றிக்கொள்ள 2020 ஜனவரி 17 அன்று இந்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது.

வங்கியோடு நேரடியாகப் பேசுங்கள். நாள்பட்ட பாக்கியை ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளப் பல வங்கிகள் சம்மதிக்கும். எந்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு திர்ஹம்கூட அனுப்ப வேண்டாம். கட்டி முடித்ததும், பாக்கி இல்லை என்ற சான்றையும் வழக்கு இருந்தால் அதை வாபஸ் பெற்ற ஆவணத்தையும் வாங்குங்கள். வசூல் ஏஜென்ட் என்று போனில் பேசுகிறவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் போடவே கூடாது.

பழைய கம்பெனி கிராஜுவிட்டி தரவில்லை. இப்போது போய்க் கேட்கலாமா?

வேலையை விட்டு இரண்டு வருடத்துக்குள் என்றால் கேட்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் சட்டப்படி உரிமை கோரும் காலம் முடிந்துவிடுகிறது. மனது கேட்காது, எனக்குப் புரிகிறது. அந்தப் பணத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

எந்த விசாவில் போவது?

பெரும்பாலோர் போவது விசிட் விசாவில்தான். 30 நாள், 60 நாள் என்று இருக்கிறது. 2022 அக்டோபர் மாற்றங்களோடு வேலை தேடுவதற்கென்றே தனி விசாவும் வந்தது. 60, 90, 120 நாள் என மூன்று வகை. ஸ்பான்சர் தேவையில்லை. பட்டப்படிப்பு வேண்டும், அமைச்சகம் வகுத்த திறன் படிநிலைகளில் முதல் மூன்றுக்குள், அதாவது மேலாளர், பொறியாளர் போன்ற தொழில்முறைப் பணியாளர், டெக்னீஷியன் ஆகிய நிலைகளில் நீங்கள் வர வேண்டும். தகுதி இருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிப்பதே நல்லது. வேலை தேடத்தான் வந்தேன் என்று நிமிர்ந்து சொல்லலாம். 120 நாள் என்பது மூச்சு விட்டுத் தேடப் போதுமான அவகாசம்.

பழைய ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வேலை கிடைத்ததும் விசா மாற்ற ஈரானின் கீஷ் தீவுக்குப் போய், அனுமதி வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தோமே, அது இப்போது தேவையில்லை. கட்டணம் கட்டினால் நாட்டுக்குள்ளேயே நிலை மாற்றம் செய்துகொள்ளலாம்.

விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள்?

திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கு ஆதாரம், கையில் 3,000 திர்ஹம் அல்லது அதற்கு ஈடான பணம். 2024 முதல் விசிட் விசாக்காரர்களிடம் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும்போதே கேட்பதும் உண்டு. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி நகல் ஆகியவற்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருக்கிறது. பத்தாவது முடிக்கவில்லை.

ஈசிஆர் என்றால் குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொருள். அந்தப் பாஸ்போர்ட்டோடு அமீரகத்துக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்லும் குறுக்குவழியில் அந்த அனுமதி கிடைக்காது. அதோடு சேர்ந்து வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கிடைக்காது. ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. தொடர்ச்சியாகவோ விட்டு விட்டோ மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களும், 50 வயதைக் கடந்தவர்களும் இந்த அனுமதி தேவைப்படாத பிரிவில் வருகிறார்கள். முன்பு துபாயில் இருந்ததற்கான விசாப் பக்கங்களும் வருகை, புறப்பாடு முத்திரைகளும்தான் ஆதாரம். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இலங்கையிலிருந்து வேலைக்குப் போகும் நம்மவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம் போவது நல்லது?

செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் முடிய, அல்லது ஜனவரியிலிருந்து. ஜூலை, ஆகஸ்டில் மேலாளர்கள் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விடுவார்கள்; விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். ரமலானில் வேலை நேரம் நாளுக்கு இரண்டு மணி குறைகிறது, முடிவுகள் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். ரமலான் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே வருவதால், கிளம்பும் வருடத்து நாட்காட்டியைப் பார்த்து அதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது? பழைய அறை நண்பர்கள் யாரும் இப்போது இல்லை.

தேரா, பர் துபாய், கராமா, அல் குசைஸ், அல் நஹ்தா, கொஞ்சம் குறைவாக வேண்டுமென்றால் ஷார்ஜா என்று இடங்கள் அதேதான். பெட் ஸ்பேஸும் அதேதான்: ஓர் அறையில் நான்கு இரட்டை அடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை, தலைமாட்டில் ஒரு பிளக், காலடியில் பெட்டி, கதவுக்கு வெளியே செருப்புக் குவியல், காலையில் குளியலறைக்கு வரிசை. முதல் முறை போனபோது 24 வயதில் அதில் தூங்கிவிட்டீர்கள். இப்போது முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நேர்மையாக யோசியுங்கள். கீழ்க்கட்டில் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு, வாடகை கொஞ்சம் கூடினாலும் அதை எடுங்கள். இரவு தூக்கம் கெட்டால் நேர்காணலில் முகமே காட்டிக்கொடுக்கும்.

சட்டவிரோதமாகத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள் மீது 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி தீவிர நடவடிக்கை எடுத்தது. அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, அல் ரஃபா பகுதிகளில் பலர் திடீரென்று வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மின்கம்பத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டைப் பார்த்து முன்பணம் கொடுப்பதற்குமுன், ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அறையை நேரில் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்ப வேண்டாம்.

மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவது நல்லது. ஷார்ஜாவில் வாடகையில் மிச்சம் பிடிப்பதை, காலை நேரத்து அல் இத்திஹாத் சாலை நெரிசல் தின்றுவிடும். பத்து மணி நேர்காணலுக்குப் பதினொன்றரைக்குப் போய் நிற்பதில் பயனில்லை.

எவ்வளவு பணத்தோடு போக வேண்டும்?

விசாக் காலம் முழுவதற்கும் தங்குமிடம், சாப்பாடு, பயணம், போன் ஆகிய செலவும், கையில் காட்ட வேண்டிய 3,000 திர்ஹமும், திரும்பும் டிக்கெட்டும். மெட்ரோவில் நோல் என்ற பயண அட்டைக்கு ஒரு மண்டலத்துக்குள் 3 திர்ஹம், அடுத்த மண்டலத்துக்கு 5, அதற்கு மேல் 7.50. ஒரே நாளில் இரண்டு நேர்காணல் என்றால் போய் வருவதற்கே 20 திர்ஹம் ஆகிவிடும். தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே ஒரு திர்ஹத்துக்குப் படகு இன்னும் ஓடுகிறது, அது ஓர் ஆறுதல்.

தொகையைவிட அது எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ வேலை தேடப் போகாதீர்கள். வட்டி ஓடிக்கொண்டிருப்பவர் முதலில் வரும் மோசமான வேலையைப் பிடித்துக்கொள்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அவசரம் தெரிந்துவிடும். சம்பளம் அங்கேயே குறைந்துவிடும். சேமிப்பிலிருந்து எடுக்க முடியாவிட்டால், ஊரில் இருந்தபடியே இணையம் வழியாக விண்ணப்பித்து, காணொளி நேர்காணலில் வேலை உறுதியானபின் போகலாம். நேரமாகும், ஆனாலும் அதுவே கௌரவமான வழி.

ஊர் ரொம்ப மாறிவிட்டதாமே?

ஆமாம். வெள்ளிக்கிழமை முழு விடுமுறை என்று மனதில் பதிந்திருக்கும். 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனியும் ஞாயிறும் விடுமுறை. தனியார் அலுவலகங்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. ஷார்ஜா அரசுக்கு மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். பர் துபாய் சிவன் கோயிலைத் தேடிப் போனால் அங்கே இருக்காது. வழிபாடு ஜெபல் அலியில் 2022-இல் திறந்த புதிய இந்துக் கோயிலுக்குப் போய்விட்டது. சாலிக் என்ற சாலைச் சுங்கம் 2025 முதல் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம், மற்ற நேரத்தில் 4, இரவு ஒரு மணி முதல் காலை ஆறு வரை இலவசம் என்று ஆகியிருக்கிறது. கார் வைத்து ஓடும் விற்பனை வேலையை ஒப்புக்கொள்ளும்போது சுங்கமும் பார்க்கிங்கும் யார் தலையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நண்பர்களையும் பழைய மேலாளரையும் எப்படி அணுகுவது? பல வருடம் பேசவே இல்லை.

உங்களிடம் இருக்கும் பெரிய பலம் இவர்கள்தான். புதிதாக வருபவருக்கு இது கிடையாது. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் "இவரை எனக்குத் தெரியும், நம்பி எடுக்கலாம்" என்று சொன்னால், கட்டுக்கட்டாக வந்து கிடக்கும் விண்ணப்பங்களில் உங்களுடையது மேலே வரும்.

ஆனால் அங்கே இறங்கிய பிறகு கூப்பிடாதீர்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே பேச ஆரம்பியுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "குளிர்சாதனப் பராமரிப்பில் ஒன்பது வருடம், அதில் நான்கு உங்களோடு, இப்போது சூப்பர்வைசர் வேலை தேடுகிறேன், அக்டோபரில் வருகிறேன், உங்களுக்குத் தெரிந்த இடத்தில் என் விவரத்தைக் கொடுக்க முடியுமா" என்று கேட்டால், அந்தச் செய்தியை அவர் அப்படியே முன்னனுப்பலாம். அவருடைய பழைய எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கக்கூடும், லிங்க்ட்இன்னில் தேடுங்கள். அங்கிருப்பவரோடு வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு சரிவராது. எழுதி அனுப்புங்கள், அல்லது அங்கே எல்லாரும் வைத்திருக்கும் போட்டிம் செயலியில் பேசுங்கள்.

முன்பு உங்களுக்குக் கீழே இருந்தவர் இன்று மேலாளராக இருப்பார். அவரிடம் "தம்பி" என்று ஆரம்பிக்கத் தோன்றும். அலுவலகத்தில் "சார்" என்றே கூப்பிடுங்கள். அறைக்கு வந்தபின் அவரே உங்களை "அண்ணன்" என்பார்.

இடையில் ஊரில் கடை வைத்தேன், நடக்கவில்லை. அதைச் சொல்லலாமா?

தாராளமாக. வருடங்களை மறைத்துப் பழைய வேலையை நீட்டி எழுதுவதுதான் ஆபத்து. அங்கே முன்பு எந்தக் கம்பெனி விசாவில், எதுவரை இருந்தீர்கள் என்பது பதிவில் இருக்கிறது. கடை நடத்தியவருக்குக் கொள்முதல் தெரியும், கடன் வசூல் தெரியும், ஆள் மேய்க்கத் தெரியும். அதை வேலையோடு பொருத்திச் சொல்லுங்கள்.

முன்பு 5,000 திர்ஹம் வாங்கினேன். இப்போது என்ன கேட்பது?

ரூபாயில் கணக்குப் போட்டு ஏமாந்துவிடாதீர்கள். 2013 தொடக்கத்தில் ஒரு திர்ஹம் ஏறக்குறைய 15 ரூபாய்; அன்றைக்கு 5,000 திர்ஹம் என்றால் 75,000 ரூபாய். 2025-இல் திர்ஹம் 23 ரூபாயைத் தாண்டிவிட்டதால், அதே 5,000 ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாயாகத் தெரிகிறது. சம்பளம் ஏறவில்லை, ரூபாய் இறங்கியிருக்கிறது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டே இருக்கிறது. நீங்கள் வாடகை கட்டுவதும் சாப்பிடுவதும் திர்ஹத்தில். அங்கே வாடகை ஏறிவிட்டது. அன்றைய சம்பளத்துக்கே இன்று ஒத்துக்கொண்டால் அது சம்பளக் குறைப்புதான். வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று அங்கே இல்லை. பேசி வாங்குவதுதான் கணக்கு.

ஆஃபர் லெட்டர் வந்தால் எதைப் பார்ப்பது?

மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் 30 நாள். மொத்தம் 5,000 என்று இருவருக்கும் ஒரே சம்பளம். ஒருவருக்கு அடிப்படை 4,000, இன்னொருவருக்கு 2,000. முதலாமவருக்கு ஆண்டுக்கு 2,800 திர்ஹம் சேர்கிறது, இரண்டாமவருக்கு 1,400. 2023-இல் வந்த வேலையிழப்புக் காப்பீடும் அடிப்படையில் 60 சதவீதம்தான் தருகிறது, அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு. குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தா மாதம் 5 அல்லது 10 திர்ஹம்தான். கட்டாயம் என்பதால் தவறவிடாதீர்கள்.

தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பெனி தாளில் தரும் கடிதம் வேறு, அமைச்சகத்தில் பதிவாகும் ஆஃபர் லெட்டர் வேறு. இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அமைச்சகத்தின் படிவத்தைத் தமிழிலும் வாங்கிப் படிக்க வழியிருக்கிறது. புரியாமல் கையெழுத்துப் போட வேண்டிய காலம் போய்விட்டது.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். வேலை உறுதி என்கிறார்.

கொடுக்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்று 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் அமீரகத் தொழிலாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்தியாவிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மீதான ஜிஎஸ்டியும்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமும் ஆள் எடுக்கிறார்கள்; அதன் அறிவிப்புகளைப் பார்த்துவாருங்கள். "ஃப்ரீ விசா" என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஒரு கம்பெனியின் பெயரில் விசா, வேலை வேறிடத்தில் என்ற அந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொள்வது தொழிலாளிதான்.

"விசா பிறகு பார்க்கலாம், நாளைக்கே வேலைக்கு வா" என்கிறார்கள்.

போகாதீர்கள். அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 முதல் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம். பிடிபட்டால் உங்களுக்கும் நாடு கடத்தல் வரை போகும். அதன்பின் இந்த ஊர்க் கதவே மூடிவிடும். "ட்ரயல்" என்று பத்து நாள் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராமல் அனுப்பிய கதைகளை அறைக்கு அறை கேட்கலாம்.

குடும்பத்தையும் கூட்டிப்போக முடியுமா?

முதலில் தனியாகப் போங்கள். குடும்ப விசாவுக்குச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சம்பளத்தில் விசா கிடைக்கும், வாழ்க்கை நடக்காது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் விசாரித்து, தகுதிகாண் காலம் முடிந்த பிறகு முடிவெடுங்கள். ஊரில் பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் வருடம் என்றால், அந்த வருடம் முடியட்டும்.

விசா முடியப் போகிறது, வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாமா?

கூடாது. ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். முன்பு இருந்த பத்து நாள் சலுகையும் இப்போது இல்லை. விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ் உங்கள் மீது தலைமறைவுப் புகார் கொடுத்துவிடும்; நீங்கள் தங்கிவிட்டால் அவர்களுக்கும் நஷ்டம். கட்டணம் கட்டி நீட்டிக்க வழியுண்டு. நேர்காணல் இரண்டாம் சுற்றில் நிற்கிறது, பெயர் தெரிந்த ஒருவர் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றால் நீட்டியுங்கள். வெறும் நம்பிக்கைக்காக நீட்டிக்க வேண்டாம். ஊருக்கு வந்தாலும் விண்ணப்பம் உயிரோடுதான் இருக்கும். வந்த பிறகு அழைப்பு வந்து, வேலை விசாவில் போனவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் இதைக் கிளம்பும்போதே சொல்லி வையுங்கள். "இந்தத் தேதிக்கு வேலையோடு இருப்பேன், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன்" என்று மனைவியிடமும் பெற்றோரிடமும் பேசிவிட்டுப் போகிறவருக்கு, திரும்பி வருவது அவமானமாகத் தெரியாது. சொல்லாமல் போனவர்கள்தான் ஊரார் முகத்துக்குப் பயந்து, விசா முடிந்தும் அங்கேயே ஒளிந்து கிடக்கிறார்கள்.

அங்கே சிக்கலில் மாட்டிக்கொண்டால் யாரிடம் போவது?

துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம், வேலை, சம்பளம், பாஸ்போர்ட் சிக்கல்களுக்கு ஆலோசனை தருகிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் MADAD என்ற புகார்த் தளத்தில் ஊரில் இருக்கும் குடும்பத்தினரும் புகார் பதியலாம். சம்பளப் பாக்கி என்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போங்கள்; 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான வழக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்கிறது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கப் போகும்போது அமைச்சக ஆஃபர் லெட்டரின் நகலும், சம்பளம் வரவு வைத்த வங்கிப் பதிவும், மேலாளரோடு பேசிய எழுத்துச் செய்திகளும் கையில் இருக்கட்டும். இவற்றின் இன்னொரு நகலை வேலையில் சேர்ந்த அன்றே ஊருக்கும் அனுப்பிவிடுங்கள்.